கால்ல வந்த பனியன்

உட்காருங்க, தாராளமா உட்காருங்க. பையை நான் எடுத்துக்கறேன். தண்ணி பாட்டல், ஒரு துண்டு, ஒரு கத்திரிக்கோலு, ஒரு சுருள் டேப்பு, அவ்வளவுதானுங்க. கத்திரிக்கோலை ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் அந்த மாதிரி ஆளில்லீங்க. இதே ஈரோட்டுல பார்சல் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருசம் புக்கிங் பாத்து ரிட்டயரானவன். பேரு சென்னியப்பன். டேப்பும் கத்திரிக்கோலும் இல்லாம வெளிய கெளம்பினா எனக்கு சட்டை போட மறந்தாப்பல இருக்குமுங்க.

நான் இந்தப் பார்க்குக்கு நடக்கறதுக்கு வர்லீங்க. காவலுக்கு வந்திருக்கறேன். என்ற வீட்டம்மாதான் நடக்கறா. அதோ அக்கட்ட, ஊதாச் சேலை, வெள்ளை ஷூ, கையை வீசிட்டு... பாத்தீங்களா? அட, அதுக்குள்ள திரும்பிட்டா. பரவால்லீங்க, மறுக்கா இப்ப வந்துருவா. நீங்க ஷூ கயிறு கட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு சுத்து முடிச்சிருவா. பேரு சம்பூர்ணம்.

நீங்களும் கூட நடக்கலாமல்லன்னு கேட்டீங்களே. கேக்கலியா? சரி, இந்த பெஞ்சுல உட்கார்றவங்க அத்தன பேரும் கேக்கறாங்க, அதனால சொல்லிப்போடறேன். மூணு மாசத்துக்கு முன்னால இந்தப் பொம்பளை நடந்ததை நீங்க பாத்திருக்கோணும். கடைவீதிக்குப் போனா நான் பஸ் ஸ்டாண்டு தாண்டியிருப்பேன், இவ இன்னும் எங்க தெருமுக்குல இருப்பா. 'ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க'ன்னு பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். நான் நின்னு திரும்பிப் பாப்பனுங்க. நல்ல மனுசன் திரும்பிப் பாக்கோணும். பாத்துட்டு மறுக்கா நடப்பேன். முப்பத்தொரு வருசம் இப்படித்தான், ஒரு நாளும் திரும்பிப் பாக்காம இருந்ததில்லை.

ஒரு நாள் பாருங்க, செருப்புக் கடையில எந்தச் செருப்பும் இவளுக்குச் சேரலை. பெருவிரலுக்குக் கீழ எலும்பு ஒரு பக்கமா நெல்லிக்காயாட்டம் துருத்திட்டு நிக்குது. பெருவிரலு சாஞ்சு பக்கத்து விரலு மேல ஏறிப் படுத்திருக்குது. கடைக்காரரு, 'அம்மா, இதுக்குச் செருப்பு இல்லீங்க, டாக்டர்தான்'னு சொல்லிப்போட்டாரு. எப்ப வந்துச்சு இதுன்னு நான் கேட்டேன். 'பத்து வருசம் இருக்குமுங்க'ங்கறா. ஒரே வீட்ல இருக்கறமே, ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்க!

எலும்பு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். காலை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்துப்போட்டு, என்ற பக்கம் திரும்பி, 'உங்க வீட்டம்மாவுக்கு பனியனுங்க'ன்னாரு.

நானும் சாதாரணமாத்தான் சொன்னனுங்க. 'அவ அதெல்லாம் போடறதில்லீங்க டாக்டர், நான்தான் போடுவேன்.'

அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. 'இது போடற பனியன் இல்லீங்க, கால்ல வர்ற பனியன். இங்கிலீசுல இந்தப் புடைப்புக்கு அதுதான் பேரு.'

திருப்பூரு ஐம்பது கிலோமீட்டர்ல இருக்குதுங்க. இருபத்தெட்டு வருசம் நாளைக்கு முன்னூறு பெட்டி பனியன் புக்கிங் போட்டவன் நான். என்கிட்ட வந்து பனியன் கால்ல வரும்னா எப்படிங்க நம்பறது? 'கைவெச்ச பனியனா, கையில்லாததா'ன்னு கேக்க வாயெடுத்தேன். சம்பூர்ணம் நறுக்குனு கிள்ளிப்போட்டா. அவளுக்குச் சிரிப்பு தாங்கலை, அது வேற.

ஆபரேசன் வேண்டாம், டேப் ஒட்டிப் பாக்கலாம், எலும்பு நேராகாது, ஆனா வலி குறையும், நடை சீராகும்னு சொல்லி பிசியோதெரபி பொண்ணுகிட்ட அனுப்பினாரு. டேப்புங்கற வார்த்தை காதுல விழுந்ததும் நான் நிமிந்து உட்காந்தனுங்க. இத்தனை வருசம் கத்துக்கிட்ட தொழிலு, கட்டுன பொண்டாட்டிக்கு உதவாம வேற யாருக்கு உதவறது? 'இதுக்கு எதுக்கு டாக்டர் இன்னொருத்தரு, நானே ஒட்டிப்போடுவேன்'னு எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அலமாரியில ஆபீஸ்ல இருந்த காலத்துச் சுருள் கெடந்துச்சு. அகலமான பழுப்பு டேப்பு, நல்ல கெட்டி. காலை முக்காலி மேல வைக்கச் சொல்லி, குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டு, மூலைக்கு மூலை ஒன்னு, அப்படியே ஒட்டி, பல்லுல கடிச்சு அறுத்தேன். டெல்லிக்கு அனுப்பினாலும் ஒரு சேதாரமும் இருக்காது, அப்படி ஒரு கட்டு. கூடத்துல நடந்து காட்டச் சொன்னேன். டைல்ஸ்ல கால் வெச்சவ சர்ருனு வழுக்கி சாமி ரூம்பு வரைக்கும் போயிட்டா. 'பாத்தியா, என்ன வேகம்'னு சொன்னனுங்க. அவ நெலைக்கதவைப் புடிச்சுட்டு நிக்கறா.

மத்தா நாள் வெள்ளிக்கெழமை, கோயிலுக்குப் போனோம். கோயில்ல செருப்பு கெடையாதுங்களே. வரிசையில நிக்கறவங்க எல்லாம் இவ காலையே பாக்கறாங்க. ஒரு அம்மா கிட்ட வந்து, 'ஏனுங்க அக்கா, என்ன ஆச்சுங்க, பாவம்'னு கேக்குது. அப்பத்தான் நான் குனிஞ்சு பாத்தேன். அந்த டேப்புல சேப்பு எழுத்துல வரிசையா அச்சடிச்சிருக்கும், 'உடையும் பொருள் - கவனம்', 'உடையும் பொருள் - கவனம்'னு. பாதம் பூரா அதேதான். அது மட்டுமில்லாம, பழக்க தோசத்துல நான் மார்க்கர் பேனாவுல ஒரு அம்பு போட்டு 'இப்பக்கம் மேலே'ன்னு வேற எழுதி வெச்சிருந்தேன். அர்ச்சகரு குங்குமம் குடுக்கறப்ப ரெண்டு அடி தள்ளி நின்னு குடுத்தாரு.

அதுக்கப்பறம்தான் அந்தப் பிசியோதெரபி பொண்ணுகிட்டப் போனோம். தாமரைச்செல்வின்னு பேரு, ஒல்லியா இருக்கும், ஆனா பேச்சு நல்ல உறைப்பு. பழுப்பு டேப்பை உரிக்கறப்ப சம்பூர்ணம் கத்துன கத்துல வெளிய உட்காந்திருந்தவங்க ரெண்டு பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, 'சார், இது கால் சார், அட்டைப்பெட்டி இல்லை'ன்னுச்சு. கோவமா சொல்லுச்சு. ஆனா நான் கோவிச்சுக்கலைங்க. தொழில் தெரிஞ்சவங்க சொன்னா கேட்டுக்கோணும்.

அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தாப்பலதான் இப்ப ஒட்டறேன். கேளுங்க, உங்க வீட்லயும் யாருக்காவது ஒதவும். காலைக் கழுவித் தொடைச்சு, ஈரம் சுத்தமா இல்லாம பாத்துக்கோணும். தோலுக்குன்னு துணி டேப்பு இருக்குது, அதுதான் ஒட்டோணும். சாஞ்ச பெருவிரலை மெல்ல, வலிக்காம, தன் எடத்துக்குக் கொண்டு வரோணும். விரலைச் சுத்தி ஒரு வளையம். அங்கிருந்து பாதத்தோட உள்பக்கமா இழுத்துட்டுப் போயி குதிகாலைச் சுத்தி நிறுத்தோணும். இறுக்கக் கூடாது, நகம் நீலமாயிரும். பெட்டியை நெரிச்சா உள்ள இருக்கற சரக்கு வீணாப் போகுமல்ல, அதேதானுங்க. பொழுதோட, படுக்கறதுக்கு முன்னால, நனைச்சுக் கழட்டிரோணும். அவளால அவ்வளவு தூரம் குனிய முடியாது, இடுப்பு வாதம். அதனால தெனமும் வெடியால நான்தான்.

இதோ வர்றா... வணக்கம் சொல்லுங்க, சிரிப்பா. பாத்தீங்களா? கையைக் காட்டிட்டே போயிட்டா. நிக்க மாட்டாளுங்க.

அந்தப் பொண்ணு இன்னொன்னும் சொல்லுச்சு. 'அம்மா, மெட்டியைக் கொஞ்ச நாளைக்குக் கழட்டி வைங்க. பெருவிரல் சாஞ்சு அதுமேல உரசி புண்ணாகியிருக்குது.' சம்பூர்ணம் என்னைப் பாத்தா. மெட்டின்னா சும்மாங்களா, தாலிக்கு அடுத்தது அதுதானே. நான் தாராளமாச் சொல்லிப்போட்டேன். 'கழட்டு சம்பூர்ணம், நான்தான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கறனே, பாக்கறவங்களுக்குத் தெரியாதா?'

தெரியலைங்க. அங்கதான் வெனை வந்துச்சு.

பெருந்துறையில ஒரு ஒறம்பரைக் கல்யாணம், சொந்தக்காரங்க வீட்டுது. ரெண்டு பேரும்தான் போனோம். விசேசத்துக்கு டேப்போட வரமாட்டேன்னு அன்னைக்கு ஒரு நாள் ஒட்ட வேண்டாம்னுட்டா. புண்ணு இருந்ததால மெட்டியும் போடலை. நான் முதல் பந்தியிலயே சாப்பிட்டுட்டு, மொய் எழுதிட்டு, வழக்கம்போல பஸ் ஸ்டாப்புக்கு முன்னால நடந்துட்டேன். அவ பின்னால வருவால்ல. அந்த நேரத்துல காங்கேயத்துச் சீரங்காயி அக்கா இவளைப் பாத்திருக்குது. தாலி சேலைக்குள்ள இருந்துச்சு, வெறுங்கால் விரலைப் பாத்திருக்குது. பாத்துட்டு, 'எங்கம்மிணி, உன்ற வீட்டுக்காரரைக் காணோம்?'னு கேட்டிருக்குது.

இவ என்ன சொல்லோணும்? 'பஸ் ஸ்டாப்புல இருக்கறாரு'ன்னு சொல்லோணும். இவ என்ன சொன்னான்னு கேளுங்க. ஒரு பெருமூச்சு விட்டுட்டு, 'அவரு முன்னாலயே போயிட்டாருங்க அக்கா'ன்னு சொல்லியிருக்கறா.

அக்கா வாயில முந்தானையை வெச்சுட்டு, 'எப்பக் கண்ணு?'ன்னு கேட்டிருக்குது.

'அவருக்கென்னங்க அக்கா, எப்பவும் அவசரந்தான். என்னை உட்டுட்டுத்தான் போவாரு. நான் மெதுவாப் போயிச் சேந்துக்குவேன்'னாளாம்.

அந்த அக்கா அழுதுட்டே போயிருச்சு. பொட்டு வெச்சிருக்கறாளேன்னு யாராவது நெனைக்கோணுமல்ல? இப்பெல்லாம் யாரு வேணும்னாலும் வெச்சுக்கறாங்க, நல்லதுதானே, அதனால பொட்டை வெச்சு ஒன்னும் முடிவு பண்ண முடியாதாமா. சீரங்காயி அக்காதான் பின்னால சொல்லுச்சு.

மத்தா நாள் வெடியால நான் ராகிக்களி திங்கறேன். கதவைத் தட்டறாங்க. தெறந்தா என்ற சித்தப்பா மகன் செங்கோடன், கையில இவ்வளவு தண்டி மாலை. பின்னால அவன் பொண்டாட்டி தலையை விரிச்சுப் போட்டு, 'மாமா...!'னு ராகம் எடுத்தவ என்னைப் பாத்ததும் அப்படியே நிறுத்திப்போட்டா. வாய் மட்டும் தெறந்தே இருக்குது. நான் கையில களி உருண்டையோட நிக்கறேன். செங்கோடன் என்னை மேலயும் கீழயும் பாக்கறான். 

'வாடா, களி திங்கறயா'ன்னு கேட்டேன்.

அவன் முழிச்சுப்போட்டு, 'அண்ணா... உங்க அறுபதாங் கல்யாணத்துக்கு மாலை கொண்டாந்தேனுங்க'ன்னான்.

'அதுக்கு இன்னும் பத்து மாசம் இருக்குதேடா!'

'இல்லீங்கண்ணா, பூ விலை ஏறிருமுன்னு...'

அட கெரகமே. சீரங்காயி அக்கா ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லி, அன்னைக்கு மட்டும் நாலு மாலை வந்துச்சுங்க. ஒருத்தரு ஊட்டிலிருந்து வந்தாரு, குல்லாயோட. வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்ப முடியுங்களா, சம்பூர்ணம் எல்லாத்துக்கும் களி கிண்டிப் போட்டா. சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு விக்கல் வந்துருச்சு. எனக்கு என்னன்னா, வந்தவங்க ஒருத்தராவது, 'அப்பாடா, உசுரோட இருக்கறாரு'ன்னு சந்தோசமா சொன்னாங்களா? 'கார் புடிச்சு வந்தமே'ங்கற மொகமாத்தான் இருந்துச்சு.

ஆனா அது சின்ன விசயமுங்க. நான் சொல்ல வந்தது அதில்லை.

மூணாவது வாரம்னு நெனைக்கறேன். கடைவீதிக்குப் போனோம். நான் எப்பவும்போல முன்னால. மணிக்கூண்டுகிட்ட வழக்கம்போல நின்னு திரும்பிப் பாத்தேன். ஆளைக் காணோம். இன்னும் கொஞ்சம் நின்னேன். காணோம். வந்த வழியே திரும்பிப் போயித் தேடறேன், தெருமுக்கு வரைக்கும் போயிட்டேன். இல்லை. பூக்காரம்மா ஒன்னு உட்காந்திருந்துச்சு, அதுகிட்ட, 'கால் வலியோட மெல்ல வர்ற அம்மா, ஊதாச் சேலை, பாத்தீங்களா'ன்னு கேட்டேன். அது மல்லிப்பூ தொடுத்துட்டே, தலையைக்கூடத் தூக்காம, 'அந்தம்மா அப்பவே போயிட்டாங்க'ன்னுச்சு.

எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிருச்சுங்க.  நாலு மாலை வந்தப்பக்கூட நான் பயப்படலை. அந்த ஒரு வார்த்தை, அதை அவளைப் பத்தி யாரோ சொல்லிக் கேக்கறப்ப... விடுங்க. ஓடினேன். ஓடிப் போயிப் பாத்தா, காய்கறிக் கடையில முருங்கைக்காயை முறுக்கிப் பாத்துட்டு நிக்கறா. என்னைத் தாண்டிப் போயிருக்கறா! நான் கவனிக்கலை. 'எங்கீங்க போனீங்க, இவ்வளவு நேரம்?'னு என்னைக் கேக்கறா. என்னை!

அன்னைலிருந்து நான் பின்னாலதான். முழங்கால் எனக்கு ஒன்னும் இல்லீங்க, இரும்பாட்டம் இருக்குது. ஆனா அவளோட வேகத்துக்கு நடந்தா மூச்சு வாங்குது, அதனால காவலுக்கு உட்காந்துக்கறேன். டேப்பு பிரிஞ்சா ஒட்டிவிட ஆளு வேணுமல்ல. இது வரைக்கும் ஒரு தடவைகூடப் பிரிஞ்சதில்லைங்க. நான் ஒட்டுனது.

என்ற கவலை என்னன்னா, கேளுங்க. இந்த டேப்பு ஒட்டற நேரம் இருக்குது பாருங்க, வெடியால ஒரு பத்து நிமிசம். நான் கீழ பலகையில, அவ நாற்காலியில, கால் என்ற மடியில. டிவி கெடையாது, போன் கெடையாது. அவ பேசிட்டே இருப்பா. இத்தனை வருசத்துல நான் கேட்டதே இல்லாததெல்லாம் பேசறா. கல்யாணமான புதுசுல எங்க ஊருக்கு பஸ் எறங்கிக் கூட்டிட்டுப் போனேன் அவளை. நான் முன்னால நடந்து வீட்டுக்குப் போயிட்டேன். எங்கம்மா 'பொண்ணெங்கடா'ன்னு கேட்டப்பறம்தான் திரும்பிப் பாத்தேன். அவ வழி தெரியாம பக்கத்தூருக்குப் போற வண்டித்தடத்துல ஒரு மணி நேரம் நின்னாளாம், கல்யாணச் சேலையோட. அழுகை வந்துச்சாம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒன்னும் சொல்லலை. போன மாசம்தான் சொன்னா, நான் குதிகாலைச் சுத்தி டேப்பை ஒட்டறப்ப.

இன்னொரு நாள் சொல்றா, 'உங்க மூஞ்சியைவிட உங்க முதுகுதாங்க எனக்கு நல்லாப் பழக்கம். எந்தச் சட்டை பின்பக்கம் எங்க நைஞ்சிருக்குதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்.' எவ்வளவு அக்கறை பாருங்க! நான் நொம்பச் சந்தோசப்பட்டேன்.

இப்படிப் போயிட்டிருக்கறப்ப, ரெண்டு வாரத்துக்கு முன்னால அந்தத் தாமரைச்செல்வி பொண்ணு போன் பண்ணுது. 'சார், அம்மாவுக்கு வலி போயிருச்சு, நடை நல்லா இருக்குது. இனி டேப் வேண்டாம். விரல் பயிற்சியும் அகல ஷூவும் போதும்.'

எனக்குக் கோவம் வந்துருச்சு. எதையும் திடீர்னு நிறுத்தலாமுங்களா? நீங்களே சொல்லுங்க. நான் வீட்ல சொல்லலை. சம்பூர்ணத்துக்கு இது தெரியாது. தெனமும் ஒட்டிட்டுத்தான் இருக்கறேன்.

ஒரு யோசனை பண்ணி, முந்தாநேத்து நான் மட்டும் அந்தப் பொண்ணைப் பாக்கப் போனேன். ஷூவைக் கழட்டி என்ற காலை நீட்டி, 'எனக்கும் பனியன் வந்தாப்பல இருக்குது, பாருங்க'ன்னேன். அது பாத்துட்டு, 'உங்க கால் ஜம்முனு இருக்குது சார்'னுச்சு. 'நல்லா அமுக்கிப் பாருங்க, வர்ற மாதிரி அறிகுறி ஏதாச்சும்...' 'இல்லவே இல்லை சார்.' அதுக்கப்பறம் சொல்லுது, 'ஏன் சார், அம்மாவுக்கு இன்னும் ஒட்டறீங்களா? அம்மாகிட்டயும் நேர்லயே சொன்னனே, உங்களுக்குப் போன் பண்ண அன்னைக்கே. சரிங்கம்மிணின்னு தலையாட்டினாங்களே.'

பாவம் அந்தப் பொண்ணு. நாளைக்கு நாப்பது காலைப் பாக்குது, எந்தக் காலுக்குச் சொன்னோம்னு கொழம்பிருச்சு. ஏன்னா இன்னைக்கு வெடியால பாருங்க, நான் பேப்பர் படிச்சுட்டு அஞ்சு நிமிசம் தாமசம் பண்ணிப்போட்டேன். அவ காலைக் கழுவித் தொடைச்சு, நீட்டி வெச்சுட்டு, 'ஏனுங்க, டேப்பு'ன்னு கூப்படறா. நான் ஒட்டிட்டே மெதுவா, 'இன்னும் எத்தனை நாளைக்கோ, அந்தப் பொண்ணுதான் சொல்லோணும்'னு போட்டுப் பாத்தேன். 'ஆமாங்க, அது சொன்னாத்தான்'னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. தோளு குலுங்குது. வலி இன்னும் இருக்குது போல, சொல்ல மாட்டேங்கறா.

நீங்களே சொல்லுங்க. டேப்பு வேண்டாம்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்தா, ரெண்டு வாரமா அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு காலை நீட்டிட்டு உட்காந்திருப்பாளா?

ஏனுங்க சிரிக்கறீங்க? அட, மெதுவாச் சிரிங்க, அவ வர்றா. அவகிட்ட வாயைத் தெறந்துராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தெரிஞ்சு போச்சுன்னா, நாளைக்கு வெடியால எந்திரிச்சு நான் என்னங்க பண்ணுவேன்?